அடுத்த குரூஸை இந்தக் கப்பலிலேயே பதிவு செய்யலாமா? டர்பன்காரர்களுக்கு ஒரு கணக்கு

டர்பனில் உல்லாசக் கப்பல்களின் சீசன் நவம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை ஓடும். மொசாம்பிக் கரையோரம் போமேன், போர்ச்சுகீஸ் தீவு என்று மூன்று நான்கு இரவு போய்வருகிறவர்கள்தான் அதிகம். மொரீஷியஸ் வரை நீண்ட பயணம் போகிறவர்களும் உண்டு. இங்கே ருசி கண்டவர்கள் அடுத்து மத்தியதரைக்கடல், சிங்கப்பூர் என்று கிளம்பிவிடுகிறார்கள். எந்தக் கப்பலில் ஏறினாலும் ஒரு காட்சி மாறாது. கரை கண்ணில் படாத நாளில், வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு மேசை போட்டிருப்பார்கள். பின்னால் பெரிய திரையில் அடுத்த வருடக் கப்பல்கள் ஓடிக்கொண்டிருக்கும். இன்றைக்கே பதிவு செய்தால் முன்பணம் குறைவு, கப்பலில் செலவழிக்கக் கிரெடிட் உண்டு, இறங்கிவிட்டால் இந்தச் சலுகை கிடையாது என்பார்கள். கடைசி நாள் அந்த வரிசை படிக்கட்டு வரை நீளும்.

இறங்கி வந்தவர்கள் "கட்டியிருக்கலாமோ?" என்று கேட்கிறார்கள். கட்டிவிட்டு வந்தவர்கள் "அவசரப்பட்டுவிட்டோமோ?" என்று கேட்கிறார்கள். இணையத்தில் தேடினால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: கப்பலிலேயே பதிவு செய்யுங்கள், அதுதான் மலிவு. அதை எழுதுகிறவர் டாலரில் சம்பளம் வாங்குகிற அமெரிக்கர். ஐரோப்பாவுக்குப் போக அவருக்கு விசா தேவையில்லை. தென்னாப்பிரிக்க ராண்டில் சம்பளம் வாங்கி, பச்சை பாஸ்போர்ட்டோடு திரிகிற நமக்குக் கணக்கே வேறு. நூறு டாலர் கிரெடிட் கிடைக்குமா என்பதை விட, முன்பணம் திரும்ப வருமா, பாக்கி எந்த நாணயத்தில், விசா கிடைக்குமா என்ற மூன்றுதான் நம் லாப நட்டத்தைத் தீர்மானிக்கின்றன.

## எதையெல்லாம் பார்க்க வேண்டும்

மொத்தச் செலவு. மேசையில் காட்டுகிற எண் பயணக் கட்டணம் மட்டும்தான். துறைமுக வரி, ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று போடும் சேவைக் கட்டணம், காப்பீடு, கப்பல் கிளம்பும் ஊர்வரை விமானம், முந்தின இரவு ஹோட்டல் எல்லாம் சேர்ந்தால்தான் உண்மையான விலை. டர்பனிலிருந்தே கிளம்பும் கப்பலுக்குக் கடைசி இரண்டும் இல்லை. பார்சிலோனாவில் ஏறுவதென்றால் சில சமயம் அந்த இரண்டும் கப்பல் கட்டணத்தையே தாண்டிவிடும்.

முன்பணத்தின் கதி. கேட்காமல் கையெழுத்துப் போடக்கூடாத இடம் இது. முன்பணம் மூன்று விதம். பாக்கி கட்டும் கடைசித் தேதி வரை ரத்து செய்தால் முழுதும் திரும்புவது ஒன்று. திரும்பாது, ஆனால் கட்டணம் கட்டி வேறு தேதிக்கு மாற்றலாம் என்பது இன்னொன்று. பணமாக வரவே வராது, அந்த நிறுவனத்தின் கப்பலில் மட்டும் கழித்துக்கொள்ளலாம் என்பது மூன்றாவது. 'குறைந்த முன்பணம்' என்று கூவி விற்கிற சலுகை இந்த மூன்றில் எதுவாகவும் இருக்கலாம்.

நாணயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2011 நடுவில் ஒரு டாலர் 7 ராண்டுக்கும் கீழே இருந்தது. 2023 நடுவில் 19ஐத் தாண்டியது. மெதுவாக ஏறினால் சமாளிக்கலாம். ஒரே வாரத்திலும் ஏறும். 2015 டிசம்பர் 9 அன்று அப்போதைய அதிபர் ஜேக்கப் ஜூமா, நிதியமைச்சர் நெனேவைப் பதவியிலிருந்து தூக்கினார். பதினான்கரை ராண்டு அளவில் இருந்த டாலர் அந்த வாரக் கடைசிக்குள் பதினாறை ஒட்டி வந்துவிட்டது. நவம்பரில் முன்பணம் கட்டி, 2,000 டாலர் பாக்கி வைத்திருந்த ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதே 2,000 டாலருக்கு ராண்டில் சுமார் 3,000 கூடிப்போனது. அவர்களுக்குக் கப்பலில் கொடுத்த 100 டாலர் கிரெடிட்டின் மதிப்பு அன்றைக்கு 1,600 ராண்ட். கிரெடிட் போய், அதற்கு மேலும் கையிலிருந்து போயிருக்கும். ராண்ட் வலுத்தால் இதே கணக்கு நமக்குச் சாதகமாகத் திரும்பும். அது உண்மைதான். ஆனால் பாக்கி கட்டும் நாள் வரை, ஒன்றரை வருடம் நாம் கேட்காத சூதாட்டம் ஒன்றில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதும் உண்மை.

ராண்டில் விலை சொன்னாலே ராண்டில் நிலைத்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். டர்பன் சீசன் கப்பல்களின் கட்டணம் இங்கேயே ராண்டில் வைத்து விற்பது, அது நிலையானது. வெளிநாட்டில் கிளம்பும் கப்பலுக்கு ஏஜென்ட் ராண்டில் எழுதிக் கொடுக்கும் விலைச் சீட்டின் அடியில், முழுத் தொகை கட்டும் வரை மாற்று விகிதத்துக்கு உட்பட்டது என்று ஒரு வரி வழக்கமாக இருக்கும். அந்த வரி இருந்தால் அதுவும் டாலர் விலைதான்.

விசாவும் தேதியும். மொசாம்பிக், மொரீஷியஸ் இரண்டுக்கும் நம் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டாம். சிங்கப்பூர், பினாங்கு, புக்கெட் என்று சுற்றும் கப்பலுக்கும் அந்தத் தொல்லை இல்லை. ஐரோப்பா என்றால் ஷெங்கன், பல ஐரோப்பிய நாடுகளுக்குச் சேர்த்து வாங்கும் விசா. பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன் விண்ணப்பிக்கவே முடியாது. ஒன்றரை வருடம் முன்னால் முன்பணம் கட்டுகிறவர், விசா கிடைக்குமா என்று தெரியாமல் ஒரு வருடம் காத்திருக்கிறார் என்று அர்த்தம். கப்பல் நடுவில் துருக்கி, துனிசியா என்று ஷெங்கனுக்கு வெளியே போய்த் திரும்பினால் ஒருமுறை நுழையும் விசா போதாது. இதை மேசையில் யாரும் சொல்லித் தர மாட்டார்கள்.

தேதி விஷயம் நம்மவர்களுக்கே உரியது. டர்பன் சீசனுக்கு நடுவில்தான் தைப்பூசம் வரும். காவடி எடுக்கிற வீட்டில் பத்து நாள் விரதம் இருக்கும்போது கப்பல் பஃபேயில் என்ன செய்வது? மத்தியதரைக்கடலில் விலை இறங்குகிற செப்டம்பர் அக்டோபரில் நமக்குப் புரட்டாசி. ஈஸ்டர் விடுமுறைக் கப்பல் மலிவாகத் தெரியும். புனித வெள்ளிக்கு இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு நேர்ந்துகொண்டவர்கள் அதில் ஏற முடியாது. அடுத்த வருடத்துக்கு அடுத்த வருடத்தின் பஞ்சாங்கம் கப்பல் மேசையில் இருக்காது.

சிக்கல் வந்தால் யாரைக் கூப்பிடுவது. நம் நாட்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2008, பிரிவு 17, முன்பதிவை ரத்து செய்யும் உரிமையைத் தருகிறது. நியாயமான ரத்துக் கட்டணம் மட்டுமே பிடிக்கலாம். யாருக்காகப் பதிவு செய்தோமோ அவர் இறந்துவிட்டாலோ மருத்துவமனையில் சேர்ந்துவிட்டாலோ அதுவும் பிடிக்கக்கூடாது. ஆனால் இந்தச் சட்டம் நம் நாட்டுக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்கு உரியது. பனாமாக் கொடி பறக்கும் கப்பலில், நடுக்கடலில், வெளிநாட்டு நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்துக்கு அது செல்லுமா என்று வாதாடி வக்கீல்கள்தான் சம்பாதிப்பார்கள். டர்பனில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து பதிவு செய்தால் அந்தச் சந்தேகமே எழாது.

## வழி ஒன்று: கப்பல், தேதி, கேபின் எல்லாம் முடிவு செய்து மேசையிலேயே பதிவு

மேசையில் இருப்பவர் தரும் பொருள் உண்மையானதுதான். ஏமாற்று ஒன்றும் இல்லை. நாள் கணக்கையும் கேபின் வகையையும் பொறுத்துக் கிரெடிட் கூடும் குறையும். முன்பணம் வீட்டிலிருந்து கட்டுவதை விடப் பெரும்பாலும் குறைவு. எந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்தில் இரவு தங்கும், எந்தத் தளத்தில் சத்தம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

இந்த வழி நன்றாகப் பொருந்துவது அதே கப்பலில், அதே பாதையில் மறுபடி வர நினைக்கிறவர்களுக்கு. சாட்ஸ்வர்த்திலிருந்து மூன்று தலைமுறையாக ஏறுகிற குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆயா கைத்தடியோடு நடக்கிறார். இந்தமுறை கிடைத்த கேபின் தாழ்வாரத்தின் கோடியில். லிஃப்டுக்கு வருவதற்குள் இரண்டு முறை நின்று மூச்சு வாங்குகிறார். இரண்டாம் நாளே மகள் லிஃப்டுக்குப் பக்கத்து கேபின் எண்களை அன்றைய நிகழ்ச்சித் தாளின் பின்பக்கம் குறித்துக்கொள்கிறார். மேலே நடனக்கூடம் இல்லாத, பக்கத்தில் பணியாளர் கதவு இல்லாத, நடுவில் கதவு திறந்து இரண்டு கேபின் சேரும் இடமாகப் பார்க்கிறார். அந்தத் தாளோடு மேசைக்குப் போய், அடுத்த சீசனுக்கு இந்த எண்தான் வேண்டும் என்று கேட்டால், அது காசு கொடுத்தாலும் வீட்டிலிருந்து வாங்க முடியாத சேவை. சக்கர நாற்காலி நுழையும் கேபின்கள் ஒரு கப்பலில் கொஞ்சம்தான், சீக்கிரம் போய்விடும். அப்படிப்பட்டவர்கள் கப்பலிலேயே கட்டிவிடுவது நல்லது என்பேன்.

மறைந்திருக்கும் செலவுகள் வேறு இடத்தில் இருக்கின்றன. மேசையில் சொல்லும் விலை மலிவா என்று ஒப்பிட இணையம் வேண்டும். கப்பல் வைஃபைக்குத் தனிக் காசு. வெளிநாட்டு நாணயத்தில் கார்டு தேய்த்தால் நம் வங்கிகள் பெரும்பாலும் இரண்டிலிருந்து மூன்று சதவீதத்துக்குள் ஒரு கட்டணம் போடும். திரும்பாத முன்பணத்தை வேறு தேதிக்கு மாற்ற, ராயல் கரீபியன் போன்ற நிறுவனம் ஆளுக்கு 100 டாலர் பிடிக்கும். நான்கு பேர் குடும்பத்துக்கு அது 400 டாலர். டாலர் 18 ராண்ட் என்று வைத்தால் 7,200 ராண்ட். மகனுக்குத் தேர்வுத் தேதி மாறியது என்ற ஒரே காரணத்துக்கு இவ்வளவு.

சலுகை என்று சொல்வதில் எது கப்பலில் மட்டும் கிடைப்பது, எது வீட்டிலும் கிடைப்பது என்றும் பிரித்துப் பார்க்க வேண்டும். எம்எஸ்சி கப்பல் நிறுவனத்தின் வாயேஜர்ஸ் கிளப்பில் உறுப்பினருக்கு உள்ள 5 சதவீதத் தள்ளுபடியைப் போன்றது உறுப்பினர் எண்ணோடு வருவது. டர்பன் ஏஜென்ட்டிடம் அந்த எண்ணைக் கொடுத்தாலும் கழிப்பார்கள். மேசையில் இரண்டையும் கூட்டிச் சொல்லும்போது பெரிய தொகையாகத் தெரியும்.

அப்புறம் மனநிலை. பந்தியில் வயிறு நிறையச் சாப்பிட்டு எழுந்தவன் மொய் எழுதும்போது நினைத்ததை விடக் கூடவே எழுதுவான். அந்த மேசையைக் கப்பலின் கடைசி நாளில், கடலைப் பார்த்தபடி போட்டிருப்பதும் அதே கணக்கில்தான். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு மாத இலக்கு உண்டு என்பதையும் நினைவில் வைப்பது நல்லது; அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை, அது அவர் பிழைப்பு.

## வழி இரண்டு: தேதி குறிக்காமல் முன்பணம் மட்டும் கட்டுவது

பல நிறுவனங்கள் இதைத் தனியாக விற்கின்றன. கப்பலையும் தேதியையும் இப்போது சொல்ல வேண்டாம். ஒரு சிறு தொகை கட்டி வைத்தால், குறிப்பிட்ட காலத்துக்குள் எந்தப் பயணத்துக்கு வேண்டுமானாலும் கழித்துக்கொள்ளலாம், கப்பலில் பதிவு செய்ததற்கான கிரெடிட்டும் வரும். பிரின்சஸ் நிறுவனம் ஆளுக்கு 100 டாலர் என்ற அளவில் இதை நெடுங்காலமாக விற்றுவருகிறது. நார்வீஜியன் நிறுவனத்தின் குரூஸ்நெக்ஸ்ட் சீட்டும் இந்த வகைதான், ஆனால் பணமாகத் திரும்பாது. அந்த நிறுவனத்தின் கப்பல்கள் கேப் டவுனுக்கும் போர்ட் லூயிஸுக்கும் நடுவே ஓடியபோது நம்மவர்கள் பலர் ஏறியிருக்கிறார்கள்.

பஞ்சாங்கம் பார்க்க வேண்டும், அக்காவைக் கேட்க வேண்டும், லீவு கிடைக்குமா தெரியவில்லை என்கிற குடும்பத்துக்கு இது முதல் வழியை விட நூறு மடங்கு மேல். சலுகையைப் பிடித்து வைத்துவிட்டு, வீட்டில் மேசை மேல் காலண்டரை விரித்து முடிவு செய்யலாம். டாலர் ஏறினாலும் நம் கை மாட்டியிருப்பது சிறு தொகையில்தான்.

ஆனால் திரும்பக் கிடைக்கும் சீட்டா, கிடைக்காததா என்பதுதான் எல்லாம். கிடைக்காது என்றால் அது ஓர் அன்பளிப்புச் சீட்டு. அந்த நிறுவனத்தின் கடையில் மட்டும் செல்லும். அந்த நிறுவனம் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பல் அனுப்புவதை நிறுத்திவிட்டால், கட்டிய பணத்தைக் காப்பாற்ற நீங்கள் மியாமிக்கு விமானம் ஏற வேண்டிவரும். சில சீட்டுகளைக் குறைந்தது இத்தனை இரவுப் பயணத்துக்குத்தான் பயன்படுத்தலாம். ஒரு கேபினுக்கு ஒன்றுதான் கழியும். சில சலுகை விலைகளோடு சேராது. போமேனுக்கு மூன்று இரவு மட்டும் போகிறவர் கையில் ஏழு இரவுக்கான சீட்டு இருந்து என்ன பயன்?

நிறுவனமே போய்விடுவதும் நடக்காத காரியமில்லை. குரூஸ் அண்ட் மேரிடைம் வாயேஜஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் 2020 ஜூலையில், கொரோனாவுக்கு நடுவில் திவாலானது. அதே காலத்தில் பெரிய நிறுவனங்கள் ரத்தான பயணங்களுக்குப் பணத்துக்குப் பதிலாக வருங்காலக் கிரெடிட்டை எடுத்துக்கொள்ளச் சொல்லி, கட்டியதற்கு 125 சதவீதம் வரை ஆசை காட்டின. கிரெடிட்டை எடுத்தவர்கள் வருடக் கணக்கில் காத்திருந்தார்கள். அதனால் இந்த வழியில் போகிறவர்கள் போனால் போகட்டும் என்று விடக்கூடிய தொகையைத்தான் கட்ட வேண்டும்.

## வழி மூன்று: வீட்டுக்கு வந்து டர்பன் ஏஜென்ட் மூலம்

இது பழைய வழி, அதனால் பலருக்கு அலட்சியம். குரூஸ் விற்கும் ஏஜென்ட்டுக்கு நிறுவனம் தருகிற கமிஷன் பொதுவாகக் கட்டணத்தில் 10 முதல் 16 சதவீதம். நிறைய விற்கிறவர் அதில் ஒரு பங்கை நமக்கே கிரெடிட்டாகவோ, சேவைக் கட்டணத்தைத் தானே கட்டியோ தருவார். கேட்கிறவர்களுக்குத்தான் தருவார், கேட்காதவர்களுக்கு இல்லை. சாவகாசமாகப் பேசி வாங்கினால் கப்பல் மேசையின் கிரெடிட்டுக்கு இது பெரும்பாலும் ஈடாகிவிடும்.

கூட்டமாகப் போகிறவர்களுக்கு இதுதான் வழி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். பெரியப்பா மகன் அறுபதாம் கல்யாணத்துக்கு ஃபீனிக்ஸிலிருந்தும் டோங்காட்டிலிருந்தும் ஜோஹன்னஸ்பர்கிலிருந்தும் இருபது பேர் சேர்ந்து போகிறார்கள் என்றால், பல நிறுவனங்களில் எட்டு கேபினிலிருந்து குழு விலை உண்டு. சாப்பாட்டு மேசைகளைப் பக்கத்துப் பக்கத்தில் போடுவது, மாட்டிறைச்சி படாமல் சமைக்கச் சொல்வது, ஒரே கிளையில் எல்லோரின் முன்பணத்தையும் தவணையாகக் கட்டுவது எல்லாம் கப்பல் மேசையில் நடக்காத காரியம்.

விசா பக்கமும் இவருக்குத்தான் விவரம் தெரியும். எந்த நாட்டுத் தூதரகத்தில் விண்ணப்பிப்பது என்பது கப்பல் எங்கே அதிக நாள் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. அந்தச் சிக்கலைத் தினமும் பார்க்கிறவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். விலை இறங்கினால் பாக்கி கட்டும் தேதிக்கு முன்னால் புது விலைக்கு மாற்றிக்கொடுக்கச் சொல்லலாம். நீங்களே வெளிநாட்டு எண்ணுக்குப் போன் போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை.

குறை என்ன? எல்லா ஏஜென்ட்டும் ஒன்றல்ல. விமானச் சீட்டு விற்றுப் பழகியவருக்கு கேபின் வித்தியாசம் தெரியாது. முதல் பக்கத்தில் வரும் விலையைப் படித்துக் காட்டுவார். சேவைக் கட்டணம் தனியாகப் போடுகிறவர்களும் உண்டு. தெற்கு ஆப்பிரிக்கப் பகுதிப் பயண ஏஜென்ட்டுகள் சங்கமான அசாட்டாவில் உறுப்பினரா என்று பார்ப்பது குறைந்தபட்ச எச்சரிக்கை. நம் சமூகத்து வாட்ஸ்அப் குழுவில் 'ஸ்பெஷல் டீல், இன்றைக்குள் பணம் அனுப்பு' என்று வருகிறவரிடம் அந்த எச்சரிக்கை இரண்டு மடங்கு வேண்டும்.

முதல் வழியையும் மூன்றாவதையும் இணைக்கவும் முடியும் என்பது பலருக்குத் தெரியாது. கப்பலில் பதிவு செய்யும்போதே உங்கள் ஏஜென்ட் பெயரைக் கொடுத்தால் பதிவு அவர் கைக்குப் போய்விடும். அப்போது கொடுக்காவிட்டாலும், பல நிறுவனங்கள் முப்பது நாளோ அறுபது நாளோ அவகாசம் தருகின்றன. கப்பல் கிரெடிட்டும் நிற்கும், பின்னால் பார்த்துக்கொள்ள ஆளும் இருக்கும். அவருக்குக் கமிஷன் வருவதால் சந்தோஷமாகவே ஏற்றுக்கொள்வார். கப்பல் ஏறுமுன் அவருடைய அட்டையைப் பர்ஸில் போட்டுக்கொள்வதற்குச் செலவு ஒன்றுமில்லை.

## வழி நான்கு: ஒன்றும் செய்யாமல் காத்திருப்பது

நவம்பர் கடைசி வாக்கில் பிளாக் ஃப்ரைடே தள்ளுபடி, ஜனவரியிலிருந்து மார்ச் வரை நிறுவனங்கள் போட்டி போடும் காலம். அப்போது வரும் விலை கப்பல் மேசை விலையைச் சில சமயம் சுலபமாக அடித்துவிடும். கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போது காலியாகக் கிடக்கும் கேபின்களைத் தள்ளிவிடுவதும் உண்டு.

யாருக்கு உதவும்? ஓய்வு பெற்றவர்களுக்கு, பள்ளிப் பிள்ளைகள் இல்லாதவர்களுக்கு, எந்த கேபினானாலும் சரி என்கிறவர்களுக்கு. ஜனவரியில் பள்ளி திறந்ததும், வாரநாளில் டர்பனிலிருந்து கிளம்பும் கப்பலுக்கு இது நன்றாகவே வேலை செய்யும். பாயிண்ட் பக்கம் நெல்சன் மண்டேலா முனையத்துக்குக் காரில் போய் இறங்கிவிடலாம்; விமானமும் இல்லை, விசாவும் இல்லை.

டிசம்பர் விடுமுறைக்கு இது ஆகாது. ஐரோப்பாவுக்கும் ஆகாது: கப்பல் விலை இறங்கும் நேரத்தில் கிங் ஷாக்கா விமான நிலையத்திலிருந்து துபாய், தோஹா வழியாகப் போகும் விமானக் கட்டணம் ஏறியிருக்கும். ஷெங்கன் விசாவுக்கு நேர்முகத் தேதி கிடைப்பதே பாடு, கிடைத்த பிறகும் வழக்கமாக 15 நாள் எடுக்கும். பெரியவருக்கு 90 யூரோ விசாக் கட்டணம் எப்படியும் திரும்பாது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | மேசையில் முழுப் பதிவு | தேதியில்லா முன்பணம் | டர்பன் ஏஜென்ட் | காத்திருத்தல் |
|---|---|---|---|---|
| சலுகை | கிரெடிட், குறைந்த முன்பணம் | கிரெடிட் பின்னால் | பேசி வாங்குவது | விலையே இறங்கலாம் |
| முன்பண ஆபத்து | திரும்பாத வகையானால் அதிகம் | சிறு தொகை | நம் சட்டம் துணை | இல்லை |
| ராண்ட் ஆபத்து | பாக்கி முழுதும் | பதிவு செய்யும் வரை குறைவு | டர்பன் கப்பலுக்கு இல்லை. வெளிநாட்டுக்கு உண்டு | குறுகிய காலம் |
| கேபின் தேர்வு | சிறந்தது | பதிவு செய்யும்போது | சீக்கிரம் போனால் நல்லது | கிடைத்தது |
| விசா தேவைப்படும் பாதை | திரும்பும் முன்பணம் என்றால் மட்டும் | பரவாயில்லை | பொருத்தம் | வேண்டாம் |

## மேசைக்குப் போவதென்று முடிவு செய்தால்

கப்பல் ஏறுவதற்கு முந்தின நாளே, அடுத்துப் போக ஆசைப்படும் இரண்டு மூன்று பயணங்களின் இன்றைய விலையை வீட்டில் பார்த்துப் போனில் படமெடுத்து வையுங்கள். வைஃபை வாங்காமலே ஒப்பிட அது போதும். கடைசி நாள் வரிசைக்குப் போகாமல் முதல் கடல் நாளிலேயே போங்கள். கேள்வி கேட்க நேரம் கிடைக்கும், யோசிக்க இரண்டு இரவு இருக்கும்.

கேட்க வேண்டியது சில கேள்விகள்தான். முன்பணம் எந்தத் தேதி வரை முழுதும் திரும்பும்? பாக்கி எந்த நாணயத்தில், என்றைக்கு? பெரும்பாலும் கிளம்புவதற்கு இரண்டரை மாதத்திலிருந்து நான்கு மாதம் முன்னால் இருக்கும். பெயரையோ தேதியையோ மாற்றினால் எவ்வளவு? விலை இறங்கினால் கிரெடிட்டை இழக்காமல் புது விலை கிடைக்குமா? ஏஜென்ட் பெயரைச் சேர்க்க முடியுமா? வாயால் சொல்கிற பதில் நமக்குப் பயன்படாது. அச்சடித்துத் தரும் உறுதிச் சீட்டில் அந்த வரி எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். திரும்பும் முன்பணத்துக்குக் கட்டணம் சற்றுக் கூடவாக இருக்கலாம். ஷெங்கன் பாதையென்றால் அந்த வித்தியாசத்தைக் கொடுத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். சிங்கப்பூர், பினாங்கு பாதையென்றால் அது அவ்வளவு அவசியமில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டால், வீடு திரும்பிய வாரத்திலேயே மூன்று வேலை இருக்கிறது. அந்த வருடத்துப் பள்ளி விடுமுறையையும் விரத நாட்களையும் சரிபார்ப்பது ஒன்று. பதிவை ஏஜென்ட் பெயருக்கு மாற்றுவது, அவகாசம் ஓடிக்கொண்டிருக்கும். பயணத்தை ரத்து செய்தால் ஈடு தரும் காப்பீட்டைக் கடைசி மாதம் வரை தள்ளாமல் இப்போதே எடுப்பது; பாலிசி எடுத்த நாளுக்கு முன்னால் வந்த நோய்க்கு அது பெரும்பாலும் பணம் தராது, வீட்டில் ஆயாவுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருந்தால் அதையும் படிவத்தில் எழுதிவிட வேண்டும். பாக்கி கட்டும் தேதிக்கு ஒரு மாதம் முன்னால் போனில் நினைவூட்டல் போட்டு, அன்றைக்கு விலையையும் ராண்டையும் ஒருமுறை பார்த்துவிட்டு, கட்டுவதா ரத்து செய்வதா என்று அப்போது முடிவு செய்யலாம்.